கடல் பார்க்கும் வீட்டை யாருக்காக அலங்கரிக்கிறோம்?



எங்கள் ஊரில் இப்போது வீட்டைக் கட்டுவதற்கு வாங்கும் கடன் முடியும் முன்பே, உள்ளே அழகுபடுத்த அடுத்த கடன் தொடங்கிவிடுகிறது. சீலிங்குக்கு ஒரு சீட்டு, ஷோகேஸுக்கு ஒரு சோடி காப்பு அடகு. குமர்ப்பிள்ளை உள்ள வீடென்றால் சொல்லவே வேண்டாம். மாப்பிள்ளை வீட்டார் வந்து பார்ப்பார்களே என்ற பயம்! இதைப் பற்றிக் கொஞ்சம் மனம் விட்டுப் பேச நினைக்கிறோம். நாங்களும் அந்தத் தவறைச் செய்தவர்கள்தான்.

நாங்கள் இருப்பது கல்முனைக் கரையோரத்தில், ஒரு தொடர்மாடியின் மூன்றாம் மாடியில். முன் ஜன்னலைத் திறந்தால் நேரே கடல். 6 வருடங்களுக்கு முன் குடிவந்தபோது, ஃபோனில் பார்த்த படங்களை வைத்து வீட்டை நிரப்பினோம். ஜிப்சம் சீலிங், மெலமைன் அலுமாரி, இரும்புக் கால் வைத்த கண்ணாடி மேசை. உம்மாவின் முதிரைப் பெட்டகமும் சாய்மனைக் கதிரையும் "பழசு" என்று ராத்தா வீட்டுக்குப் போயின.

இரண்டு மாரி தாங்கவில்லை. மேசைக் கால் துருப்பிடித்தது. அலுமாரிக் கதவு ஊறி வீங்கி மூட முடியாமல் போனது. சீலிங்கில் மஞ்சள் கறை. கடைக்காரரிடம் கேட்டோம். "கடல் காத்துத்தானே டீச்சர், நாங்க என்ன செய்ய?" என்றார்.

அவர் சொன்னது பொய்யில்லை. கடல் காற்றில் வரும் உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அதனால் இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும். சாதாரணமாகக் கிடைக்கும் 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலும் பழுப்புப் புள்ளி விழும். 316 ரகம் அதைவிடத் தாக்குப்பிடிக்கும். மரத்தூளை ஒட்டிச் செய்த பலகை ஒருமுறை ஊறினால் பழைய நிலைக்குத் திரும்பாது. துருப்பிடித்தலைக் கரும்பலகையில் எழுதிச் சொல்லிக்கொடுக்கும் நாங்களே இதை மறந்துபோனோம் என்பதுதான் வெட்கம்.

ஆனால் துரு சின்ன விஷயம். பெரிய விஷயம் வேறு.

அந்த வீட்டில் உம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: கடல் தெரியாத அளவுக்குத் தடித்த திரைச்சீலை. 2004 டிசம்பர் 26 ஐ எங்கள் கரையோரத்துக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. இலங்கையில் அதிக உயிர்களை இழந்த மாவட்டம் எங்கள் அம்பாறைதான். நாங்களோ உம்மாவின் பயத்தைக் கூட அலங்காரமாக்கினோம். சீலிங்குக்குப் பொருத்தமாக வெல்வெட் வாங்கித் தொங்கவிட்டோம். கடல் மறைந்தது, காற்றும் நின்றது. பின்கதவுக்குப் போகும் காற்றை அலுமாரி வழிமறித்தது. கச்சான் காலத்தில் பகலெல்லாம் லைட், பகலெல்லாம் ஃபேன். உம்மா அந்த இருட்டுக்குள் 4 வருடம் இருந்தார். கடனும் எங்களோடு இருந்தது.

பிறகுதான் உட்கார்ந்து கேட்டோம், "உம்மா, உங்களுக்கு இந்த வீடு எப்படி இருக்கணும்?" "என்ட கதிரையக் கொண்டு வா மகள்" என்றார்.

கதிரை வந்தது. பெட்டகமும் வந்தது. அலுமாரியைக் கழற்றிக் காற்றுக்கு வழி விட்டோம். வெல்வெட் இருந்த இடத்தில் மருதமுனைக் கைத்தறித் துணி. அதில் வெளிச்சம் வரும், காற்று வரும், கடல் நேராகத் தெரியாது. தொழும் மூலையில் பன்பாய். வாப்பா சவூதியிலிருந்து கொண்டுவந்த ஃபிளாஸ்க்கும், பிள்ளைகளின் பிளாஸ்டிக் கதிரையும் அவற்றின் பாட்டில் இருக்கின்றன. ஒன்றுக்கொன்று பொருத்தமில்லைதான். ஆனால் ஒவ்வொன்றும் எங்களுடையது.

இப்படிக் கலந்து வைத்தால் ஏழைத்தனமாகத் தெரியும் என்பார்கள். ஸ்ரீ ஜயவர்த்தனபுர கோட்டையில் எங்கள் பாராளுமன்றக் கட்டடத்தை வடிவமைத்த ஜெஃப்ரி பாவா, கொழும்பு 33 ஆவது ஒழுங்கையில் 4 சின்ன வீடுகளைச் சேர்த்துத் தனக்கு ஒரு வீடு செய்தார். பழைய கட்டடங்களில் கழற்றிய தூண்களும் கதவுகளும் அதில் உண்டு. அதைப் பார்க்க இன்று வெளிநாட்டிலிருந்து வருகிறார்கள். நாங்களோ வீட்டில் இருக்கும் முதிரையை விற்றுவிட்டு மெலமைன் வாங்குகிறோம்.

புதிதாக எதுவும் வாங்கக் கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. வாங்கும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள். இந்தக் கடல் காற்றில் இது எத்தனை மாரி தாங்கும்? இந்த வீட்டில் அதிக நேரம் இருப்பவர் என்ன சொல்கிறார்? மாப்பிள்ளை வீட்டார் ஒரு மணித்தியாலம் இருந்து தேத்தண்ணி குடித்துவிட்டுப் போவார்கள். சீட்டுக்காசு கட்டுவது நாங்கள்தான்.

இப்போதெல்லாம் அஸருக்குப் பிறகு உம்மாவே எழுந்து திரையைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டுக் கதிரையில் சாய்கிறார். முழுவதும் இல்லை, பாதிதான். மீதிப் பாதியைத் திறக்கச் சொல்லி நாங்கள் கேட்பதில்லை.