காதில் தண்ணீர்

நான் மூன்று வயதில்தான் பேசினேனாம். அதுவரை ‘ம்’, ‘ஊ’ என்று விரலை நீட்டியே வேண்டியதை வாங்கிக்கொள்வேன் என்று அம்மா சொல்வார். வீட்டில் இது வெறும் வேடிக்கைக் கதையாகத்தான் இருந்தது, என் தங்கைக்கு முதல் பெண் பிறக்கும்வரை. பிறகு அது சாட்சியம் ஆகிவிட்டது. குழந்தை கூப்பிட்டால் திரும்பவில்லையே என்று தங்கை வாயெடுக்கும்போதெல்லாம், “உங்க அண்ணனும் அப்படித்தான்டி, இப்ப வாய் மூடுறானா பாரு” என்று என்னைக் காட்டினார்கள். என் பெயரைச் சொல்லியே ஒரு வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது.

இத்தனைக்கும் முதல் தகவல் மூன்றாம் நாளே கையில் இருந்தது. வீட்டுக்கு அனுப்பும் அன்று காலை, ஒரு பெண் சின்னக் கருவியோடு வந்து குழந்தையின் காதில் ரப்பர் முனையை வைத்துப் பார்த்தார். திரையில் இரண்டு காதுக்கும் ‘ரெஃபர்’, அதாவது மறுபடி சோதிக்க வேண்டும் என்று வந்தது. சீட்டில் குறித்துக் கொடுத்துவிட்டு, “ஒண்ணுமில்லம்மா, காதுல தண்ணி இருக்கும். அப்புறம் பார்த்துக்கலாம்” என்றார். அந்த ‘அப்புறம்’ என்றைக்கு, எந்த ஊரில், யாரிடம் என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அப்படிச் சொல்வதுதான் நல்லது என்ற எண்ணம் மருத்துவமனைகளில் பரவலாக இருக்கிறது. பச்சை உடம்புக்காரியை ஏன் பயமுறுத்த வேண்டும்? ரெஃபர் வந்தவர்களில் பெரும்பாலான குழந்தைகளுக்குக் காது நன்றாகவே கேட்கும். குறை இருந்தால் தானாகத் தெரியவரும், அப்போது பார்த்துக்கொள்ளலாம். இப்போதைக்குக் குடும்பத்துக்கு வேண்டியது நிம்மதி. இதுதான் வாதம். கேட்பதற்கு இதமாக இருக்கிறது. அதனாலேயே இழையிழையாகப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

பெரும்பாலோருக்கு ஒன்றும் இருக்காது என்பது முழு உண்மை. நல்ல காதுக்குள் ஒலி போனால், காக்ளியா என்ற நத்தைச்சுருள் உறுப்பில் உள்ள மயிர்ச்செல்கள் மிக மெல்லிய எதிரொலி ஒன்றைத் திருப்பி அனுப்பும். லண்டனில் டேவிட் கெம்ப் 1978இல் இதைக் கண்டு வெளியிட்டார். ஓஏஇ என்று வார்டுகளில் சொல்லப்படும் சோதனை அந்த எதிரொலியைத்தான் தேடுகிறது. பிறந்த ஓரிரு நாளில் காதுக் குழாயில் பிசுக்கு அடைத்திருக்கும்; உள்ளே நீர் தேங்கியிருக்கும்; குழந்தை அழும்; பக்கத்துக் கட்டிலில் செல்போன் பாடும். எதிரொலி கருவிக்கு எட்டாது. மறுநாளோ சில வாரம் கழித்தோ பார்த்தால் பெரும்பாலும் ‘பாஸ்’ வந்துவிடும்.

ஆனால் ரெஃபர் என்று காட்டும் கருவி, ஏன் என்று காட்டுவதில்லை. தண்ணீர் என்றால் தண்ணீர், மயிர்ச்செல் இல்லை என்றால் மயிர்ச்செல் இல்லை. இரண்டுக்கும் திரையில் ஒரே சொல்தான். ஆயிரம் பிறப்பில் ஒன்று முதல் மூன்று குழந்தைகளுக்கு நிரந்தரக் குறை இருக்கும். அந்தக் குழந்தையின் அம்மாவிடமும் இதே வாசகத்தைத்தான் சொல்லி அனுப்பியிருப்பார்கள். தண்ணீர் என்பது மறுசோதனைக்குப் பிறகு சொல்ல வேண்டிய முடிவு. சோதனைக்கு முன்னால் சொன்னால் அது ஜோசியம்.

அடுத்தது, குறை இருந்தால் தானாகத் தெரியும் என்பது. எங்களை ஏமாற்றியது இதுதான், அதனால் இங்கே கொஞ்சம் நிற்கிறேன்.

எங்கள் வீட்டில் தட்டு தட்டிப் பார்க்காத ஆள் இல்லை. எவர்சில்வர் தட்டு, குக்கர் மூடி, கைத்தட்டல், என் மோட்டார் சைக்கிள் ஹாரன் வரை. குழந்தை சில நேரம் திரும்பினாள். திரும்பிய நேரமெல்லாம் நினைவில் நின்றது, திரும்பாத நேரமெல்லாம் ‘விளையாட்டுக் கவனம்’ ஆனது. கதவை அடித்துச் சாத்தினால் தரை அதிர்கிறது, காற்று முகத்தில் படுகிறது. தட்டு தட்டும் சித்தியின் நிழல் சுவரில் ஆடுகிறது. காது கொடுக்காததைக் கண்ணும் தோலும் கொடுத்துவிடுகின்றன. ஆறு மாதக் குழந்தை அதில் கெட்டிக்காரி. இன்னொன்று, குறை என்றால் முழுச் செவிடு என்றே நாம் நினைக்கிறோம். நடுத்தரக் குறை உள்ள குழந்தை ஹாரனுக்கு நிச்சயம் திரும்பும். ‘ச’, ‘த’ போன்ற மெல்லிய ஒலிகள்தான் அவளுக்கு விழாது, பேச்சு நிற்பதோ அவற்றின் மேல். ஒரு காது மட்டும் கேட்கும் குழந்தையைத் தட்டை வைத்துப் பிடிக்கவே முடியாது.

“சத்தம் போடுதே, ஊமையா இருந்தா எப்படிச் சத்தம் வரும்?” இது எங்கள் அத்தை. காது கேளாத குழந்தையும் முதல் மாதங்களில் மற்றக் குழந்தைகளைப் போலவே ‘ஆங்’, ‘ஊங்’ என்று கொஞ்சும். ‘பபப’, ‘மமம’ என்று அசை கோக்கும் கட்டத்தில்தான் வேறுபாடு வெளிப்படும். அதற்குள் அரை வருடம் போயிருக்கும். அதற்கப்புறமும் வீட்டுக்குள் இருப்பவர்களுக்கு அது படுவதில்லை. தினமும் பார்க்கும் குழந்தை தினமும் சரியாகத்தான் தெரியும்.

அத்தை நாக்கில் வசம்பு உரசித் தடவினார். பேர் சொல்லாதது என்பார்களே, அதேதான். அம்மா சீர்காழிக்குப் பக்கத்தில் திருக்கோலக்காவுக்கு நேர்ந்துகொண்டு போய், ஓசை கொடுத்த நாயகி முன்னால் குழந்தையைக் கிடத்தி எடுத்து வந்தார். நான் கேலி செய்யவில்லை. கூடப் போய் வந்தவன். ஆனால் எண்ணெய் காய்ச்சிக் காதில் விட்டதை மட்டும் இன்றைக்கும் மன்னிக்க முடியவில்லை. அது எந்தக் குறையையும் தீர்க்காது, புண்ணை வேண்டுமானால் கொண்டுவரும்.

சரி, தெரியவரும்போது பார்த்துக்கொண்டால் என்ன என்று கேட்பவர்கள், காத்திருப்பதால் எதுவும் குறையாது என்று நம்புகிறார்கள். முதலில் சோதனையே கடினமாகிறது. ரெஃபர் வந்த பிறகு உறுதி செய்ய எடுப்பது பெரா டெஸ்ட். ஒலிக்கு நரம்பும் மூளைத்தண்டும் தரும் பதிலைத் தலையில் ஒட்டிய மின்முனைகள் வழியாகப் பதிவு செய்வார்கள். குழந்தை அசையாமல் தூங்க வேண்டும். இரண்டு மாதக் குழந்தை பால் குடித்தவுடன் தானே தூங்கிவிடும். என் மருமகளுக்கு இதை எடுத்தது ஒரு வயது பத்து மாதத்தில். தூங்க மருந்து கொடுத்தார்கள். ஏழு மணிக்குக் கொடுத்த மருந்துக்கு அவள் ஒன்பதரை வரை வராந்தாவில் ஓடிக்கொண்டிருந்தாள். திரும்பி வந்து, இன்னொரு நாள் போனோம்.

மூளை அதுவரை காத்திருப்பதில்லை. கனடாவில் ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் 1984இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகளுக்கு இந்தியின் ‘ட’, ‘த’ ஒலிகளைக் கேட்கவைத்தார்கள். ஆறேழு மாதத்தில் எளிதாகப் பிரித்தறிந்தார்கள். ஒரு வயதை நெருங்கும்போது அந்தத் திறன் பெரும்பாலும் போய்விட்டது. வீட்டில் புழங்காத ஒலியை மூளை கைகழுவுகிறது. ஒலியே புழங்காத காதுக்கு என்ன ஆகும் என்பதை இதிலிருந்து ஊகிக்கலாம். அமெரிக்காவில் கிறிஸ்டீன் யோஷினாகா-இட்டானோ குழுவினர் 1998இல் காட்டியது, ஆறு மாதத்துக்குள் கண்டறியப்பட்ட குழந்தைகள் பின்னர் கண்டறியப்பட்டவர்களைவிட மொழியில் தெளிவாக முன்னே இருந்தார்கள் என்பதை. இங்கிலாந்தில் காலின் கென்னடி குழு 2006இல் வெளியிட்ட ஆய்வும் அதே பக்கம்தான் நிற்கிறது. இதையொட்டித்தான் ஒரு மாதத்துக்குள் முதல் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி, ஆறு மாதத்துக்குள் உதவி என்ற கணக்கு உலகெங்கும் புழங்குகிறது. தண்ணீராக இருந்தால் ஒரு பஸ் டிக்கெட் நஷ்டம். இல்லாவிட்டால் போவது அந்த ஆறு மாதம்.

இப்போது நிம்மதிக்கு வருவோம். தாயைக் காக்கத்தானே இந்த மென்மை எல்லாம்? என் தங்கையை அது எதிலிருந்து காத்தது என்று யோசித்துப் பார்க்கிறேன். அவள் அந்தச் சீட்டைத் தூக்கிப் போடவில்லை. பீரோவில் துணிக்கடியில் வைத்திருந்தாள். குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு, யாரும் பார்க்காதபோது காதருகே விரலைச் சொடுக்கிப் பார்ப்பாளாம். யாரிடமும் சொல்லவில்லை, ஒன்றுமில்லை என்று பெரியவர்களே சொல்லிவிட்டார்களே. பயம் அப்படியே இருந்தது, பேசத்தான் ஆள் இல்லை.

பயத்தைக் குறைக்கும் வழி எளிது. “இந்தச் சோதனையில காது கேட்காதுன்னு முடிவு பண்ண முடியாதும்மா. பெரும்பாலும் சரியாத்தான் இருக்கும். ஆனா உறுதியாத் தெரிய இன்னொரு தடவை பார்த்தே ஆகணும். இந்தத் தேதி, இந்த இடம், இந்த நம்பர். அதுவரைக்கும் பாடுங்க, பேசுங்க, முகத்தைப் பார்த்துக் கொஞ்சுங்க.” ஒரு நிமிடம்கூட ஆகாது. இதைத் தாயிடம் மட்டும் சொன்னால் போதாது. கட்டிலைச் சுற்றி நிற்கும் பாட்டிமார் இருவரிடமும் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் முடிவெடுப்பது யார் என்பது வார்டு ஆயாவுக்குக்கூடத் தெரியும்.

இன்னொரு சிக்கல் நம் ஊருக்கே உரியது. தலைப்பிரசவம் தாய்வீட்டில். தங்கை பெற்றது அருப்புக்கோட்டைப் பக்கம், மூன்றாம் மாதம் திரும்பிப் போனது திருப்பூருக்கு. ரெஃபர் சீட்டு ஒரு மாவட்டத்தில், குழந்தை இன்னொரு மாவட்டத்தில். ‘அப்புறம் வாங்க’ என்றால் எங்கே வருவது? ஆனால் அதே குழந்தை தடுப்பூசியை ஒன்றுகூடத் தவறவிடவில்லை. ஒன்றரை மாத ஊசி அங்கே, மூன்றரை மாத ஊசி இங்கே. ஏனென்றால் அட்டையில் தேதி இருந்தது, கிராம சுகாதார செவிலியர் போன் போட்டார், கர்ப்பத்திலேயே பதிந்த பிக்மி எண் குழந்தையோடு ஊர் மாறியது. தாய்மார்கள் அலட்சியம் என்று பேசுகிறவர்கள் இதற்குப் பதில் சொல்ல வேண்டும். காது மறுசோதனையையும் ஒன்றரை மாத ஊசி நாளோடு கட்டிவிட்டால் பாதி வேலை முடியும்.

“சொல்லித்தான் என்ன, நம்ம பக்கம் வசதி எங்க இருக்கு?” என்று சில மருத்துவர்களே கேட்கிறார்கள். 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டம் கவனிக்க வேண்டியதாகப் பட்டியலிட்ட முப்பது குறைகளில் பிறவிக் காது கேளாமையும் ஒன்று. இப்படிப்பட்ட குறைகளைக் கவனிக்கவே மாவட்ட இடையீட்டுச் சேவை மையங்கள் வந்தன. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் காக்ளியர் கருவி பொருத்தும் அறுவை சிகிச்சை உண்டு. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவன ஆய்வாளர்கள் செயற்கைக்கோள் இணைப்பு உள்ள வண்டியைக் கிராமத்துக்கு அனுப்பி, தொலைவிலிருந்தே பெரா டெஸ்ட் எடுத்து 2013இல் ஆய்வாக வெளியிட்டிருக்கிறார்கள். எல்லா ஊரிலும் எல்லாம் சீராக நடக்கிறது என்று சொல்ல வரவில்லை. நான் பார்த்தவரை நடக்கவில்லை. ஆனால் வழி இருக்கிறது என்றே தெரியாத குடும்பம் அதைக் கேட்டு வாங்கவும் முடியாது.

ஆதரவு என்பதில் யாரும் பேசாத ஒரு பகுதி, பழி. தங்கையைக் கட்டியது அத்தை மகன்தான். முடிவு உறுதியானதும் அம்மா “அவங்க பக்கம்” என்றார், அத்தை “உங்க பக்கம்” என்றார். கிரகணத்தன்று மொட்டைமாடிக்குப் போனதுவரை தோண்டி எடுக்கப்பட்டது. கடைசியில் மரபணு ஆலோசகர் ஒருவர் காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். ஜிஜேபி2 என்ற மரபணுவில் வரும் மாற்றம் பிறவிக் காது கேளாமைக்கு முக்கியக் காரணங்களில் ஒன்று. தாய், தந்தை இருவரிடமிருந்தும் ஒவ்வொரு பிரதி வந்தால்தான் குறை வரும். இருவருக்கும் காது நன்றாகக் கேட்கும். ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு வாய்ப்பு. இரண்டு பக்கத்துக்கும் ஒரே தாத்தா என்பதால் எங்கள் வீட்டுச் சண்டை அதோடு ஓய்ந்தது. பாட்டன் சொத்து, யாரும் பாகம் கேட்கவில்லை. இதை யாராவது ஒரு வருடம் முன்னால் சொல்லியிருந்தால் தங்கை அத்தனை நாள் தனியாக அழுதிருக்க மாட்டாள்.

பச்சைக் குழந்தைக்குக் காது மெஷின் மாட்டினால் இருக்கிற காதும் கெட்டுவிடும் என்பதற்கு ஒரு வரி போதும்: சரியாக அளவிட்டுப் பொருத்தினால் கெடாது, காது வளர வளர அச்சை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும், அவ்வளவுதான். சைகை கற்றால் பேச்சு வராது என்பது இதைவிடப் பிடிவாதமான நம்பிக்கை, படித்தவர்களிடமே அதிகம். சைகையும் மொழிதான், மொழி எந்த வழியாக வந்தாலும் மூளைக்கு ஆகாரம். காது கேளாமல் வளர்ந்து வேலை பார்த்துக் குடும்பம் நடத்தும் ஒருவரையாவது பெற்றோர் நேரில் சந்திக்க வேண்டும் என்பது என் கட்சி. எங்கள் வீட்டில் அதுவரை எல்லோரும் அறிந்திருந்த ஒரே காது கேளாதவர், ‘மொழி’ படத்தில் ஜோதிகா.

மருமகள் இப்போது இரண்டாம் வகுப்பு. இரண்டரை வயதில் காக்ளியர் பொருத்தினார்கள், வாரத்தில் மூன்று நாள் பயிற்சிக்குப் பஸ் ஏறினார்கள். நிறையப் பேசுகிறாள். ‘ழ’ வராது. அவள் அம்மாவுக்கே வராது.

போன வருடம் தங்கைக்கு இரண்டாவது பிறந்தான். மூன்றாம் நாள் அதே மாதிரிக் கருவி. வலது காதில் ரெஃபர். “ஒண்ணுமில்லம்மா, தண்ணி இருக்கும்” என்றார் செவிலியர். தங்கை படுத்தபடியே கேட்டாள்: “இருக்கட்டும் சிஸ்டர். எத்தனாம் தேதி வரணும், எங்க வரணும், யாரைப் பார்க்கணும்? அதுல எழுதிக் குடுங்க.” அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, தடுப்பூசி அட்டையின் ஓரத்தில் ஒன்றரை மாத ஊசிக்கு எதிரே எழுதிக் கொடுத்தார். அன்றைக்கு அம்மாவும் அத்தையும் சேர்ந்தே போனார்கள். பையன் பால் குடித்துவிட்டுத் தூங்கினான். ஓஏஇ, பெரா இரண்டும் ஒரே காலையில் முடிந்தன. அக்காவுக்குக் குறை இருப்பதால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்டச் சொல்லியிருக்கிறார்கள். மற்றபடி செவிலியர் சொன்னது சரி. காதில் தண்ணீர்தான் இருந்திருக்கிறது.