மீன் குழம்பு வைக்க எத்தனை மணி நேரம் ஆகும்?

போன வாரம் தங்கமணியோட பெரியம்மா போன்ல கேட்டாங்க: "ஏண்டி, மாப்பிள்ளையை அடுப்படியில நிக்க விட்டுட்டு நீ என்னடி பண்றே?" அவ, "துணி மடிச்சிட்டு இருக்கேன் பெரியம்மா"ன்னா. அடுத்து போன் என் கைக்கு வந்துச்சு. "மீன் குழம்பெல்லாம் வைக்கிறீங்களாமே மாப்பிள்ளை, பரவாயில்லையே!" வச்சது ஒரே குழம்பு. அவளுக்குத் திட்டு, எனக்குப் பாராட்டு.

அந்தப் பாராட்டுதான் மக்களே எனக்கு உறுத்துது. ஏன்னா குழம்பு வைக்கிறது ஒரு மணி நேர வேலை. அதுக்கு முன்னாடி ஓடின ஓட்டத்தை யாரும் கேக்கறதில்லை.

எங்க நிலவரம் இது. தங்கமணிக்கு வேலை ஹோர்சன்ஸ்ல. நான் படிக்கிறது ஆர்ஹுஸ்ல, ரயில்ல அரை மணி நேரம். பாப்பாவுக்கு மூணு வயசு. அதனால எல்லாமே சனிக்கிழமை தலையிலதான் விழும். போன சனிக்கிழமை காலையில பொதுச் சலவை அறையில எங்க முறை எட்டு மணிக்கு. விட்டா அடுத்த வாரம்தான். அதை ஓட விட்டுட்டு, சேர்ந்திருந்த காலி பாட்டில், கேன் எல்லாத்தையும் சூப்பர் மார்க்கெட் மிஷின்ல போட்டோம் (ஒண்ணுக்கு ஒரு குரோனர்ல இருந்து மூணு குரோனர் வரைக்கும் திரும்பக் கிடைக்கும். பாப்பாவுக்கு இதுதான் வாரத்தோட பெரிய திருவிழா). அப்புறம் நூலகத்துல புத்தகம் திருப்பணும். பாப்பாவோட மழைக் கோட்டு சின்னதாயிடுச்சு, புதுசு வாங்கணும். அவங்க ரெண்டு பேரையும் அந்தப் பக்கம் அனுப்பிட்டு நான் ரயிலேறி ஆர்ஹுஸ் போய், அங்கிருந்து பஸ்ல பஸார் வெஸ்ட். அது குடியேறிகள் கடை போட்டிருக்கிற பெரிய சந்தை. சின்ன வெங்காயம், புளி, கொத்தமல்லி அங்க வாங்கிட்டுத் திரும்பி வந்து, ஊர்ல மீன் வாங்கினேன். மக்ரெல்தான். நம்ம கானாங்கெளுத்திக்குச் சொந்தக்காரன், புளிக்கு நல்லா ஒத்துப் போவான். இங்க இருக்கறவங்க அதைப் புகை போட்டோ, தக்காளி சாஸோட டின்ல அடைச்சோதான் பெரும்பாலும் சாப்பிடறாங்க. தலையோட முழு மீன் வேணும்னு கேட்டா ஒரு மாதிரி பாக்கறாங்க.

வீடு வந்து சேர மணி மூணு. புளி ஊற வச்சது அதுக்கப்புறம்தான்.

"ஊர்ல இருந்தே எல்லாத்தையும் கட்டிக்கிட்டுப் போகலாமே"ன்னு சொல்றவங்களுக்கு ஒரு தகவல். 2019 டிசம்பர் 14ல இருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள்ள தாவரச் சுகாதாரச் சான்றிதழ் இல்லாம கறிவேப்பிலை கொண்டு வரக்கூடாது. அன்னாசி, தேங்காய், துரியன், வாழைப்பழம், பேரீச்சம்பழம் இந்த அஞ்சு பழத்துக்கு மட்டும்தான் விலக்கு. பால் பொருளும் கூடாதுங்கிறதால அம்மா உருக்கிக் கொடுத்த நெய் பாட்டில் ஊர்லயே தங்கிடுச்சு. ஆனா சொந்த உபயோகத்துக்குக் கருவாடு 20 கிலோ வரைக்கும் கொண்டு வரலாம்! நெய்க்குத் தடை, கருவாட்டுக்கு அனுமதி. சட்டம் போட்டவர் நம்ம கடற்கரைப் பக்கம் போயிருப்பார் போல :-)

சரி, விஷயத்துக்கு வரேன். சமையல்ல கஷ்டமானது கரண்டி பிடிக்கிறது இல்லை. நல்லெண்ணெய் தீரப் போகுது, வெந்தயம் அடிமட்டத்துல இருக்கு, பாப்பா நேத்துதான் பருப்பு சாப்பிட்டா, இன்னிக்கு வேற செய்யணும்னு எந்நேரமும் ஒரு மூலையில ஓடிக்கிட்டே இருக்குற கணக்குதான் கஷ்டம். "நான் வீட்ல சமைப்பேன்"னு பெருமையா சொல்ற நம்ம பசங்கள்ல பாதிப் பேர், எல்லாம் வாங்கி நறுக்கி எடுத்து வச்சப்புறம் அடுப்புப் பக்கம் வந்து தாளிக்கிற கோஷ்டி. கைத்தட்டல் கிடைக்கிற கடைசி ஒரு மணி நேரத்தை மட்டும் எடுத்துக்கிட்டா அது வேலையைப் பங்கு போடறது ஆகாது.

ஊர்ல இந்தக் கணக்கு கண்ணுக்கே தெரியாது. கீரைக்கார அம்மா வாசலுக்கு வருவாங்க, மீன்காரம்மா கூடையோட வருவாங்க, மாவு மில்லுக்கு நாம சைக்கிள்ல போவோம். பத்துப் பேர் மேல பரவியிருந்த வேலை இங்க ரெண்டு பேர் மேல வந்து உக்காருது. அப்பவும் அந்தப் பத்துப் பேரை மேய்ச்சது அம்மாதான். 2019ல இந்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்புல, சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யுற பெண்கள் ஒரு நாளைக்குச் சராசரியா 299 நிமிஷம் செலவழிக்கிறதா வந்துச்சு. ஆண்களுக்கு 97 நிமிஷம். அதுவும் அந்த வேலையைச் செய்யுற ஆண்களுக்கு மட்டும். ஆண்கள்ல நூத்துக்கு இருபத்தாறு பேர்தான் அந்தக் கணக்குலயே வந்தாங்க. 2023 செப்டம்பர்ல தமிழ்நாட்டுல மாசம் ஆயிரம் ரூபாய் மகளிர் உரிமைத் தொகை ஆரம்பிச்சப்ப, "சும்மா இருக்கறவங்களுக்கு எதுக்குக் காசு"ன்னு எங்க குடும்ப வாட்ஸப் குழுவுல ஒருத்தர் எழுதினார். அன்னிக்கு மத்தியானம் அவருக்கு யாரு சோறு போட்டாங்களோ!

டேனிஷ்காரங்க எப்படிச் சமாளிக்கிறாங்கன்னு பாத்தா, ரகசியம் ஒண்ணும் பெருசா இல்லை. வாரத்துக்கு 37 மணி நேர வேலை ஒரு காரணம். இன்னொண்ணு, பெரும்பாலான வீட்டுல நாளைக்கு ஒரே ஒரு சூடான சாப்பாடுதான். மத்தியானம் கம்பு மாதிரி கறுத்த ரொட்டி மேல எதையாவது வச்சுக் கட்டிக்கிட்டுப் போயிடறாங்க. சாயங்காலம் ஆறு மணி வாக்குல குடும்பமா உக்காந்து சூடா சாப்பிடறாங்க. நம்ம மூணு வேளை சுடச்சுட சாப்பாடுங்கிறது, வீட்டுல ஒரு ஆள் முழு நேரமும் இருப்பார்ங்கிற நினைப்புல கட்டினது. ரெண்டு பேரும் வெளிய போற வீட்டுல அதையே பிடிச்சுத் தொங்கினா யாரோ ஒருத்தர் முதுகு உடையும். யாரோடதுன்னு நான் சொல்லத் தேவையில்லை.

நாங்க மாத்திட்டோம். காலையில ஓட்ஸ், மத்தியானம் ரொட்டி, ராத்திரி மட்டும் சோறு. வார நாள்ல தேங்காய்த் துருவல் ஃப்ரீஸர்ல இருந்து வரும், இஞ்சி பூண்டு விழுது பாட்டில்ல இருந்து வரும். இதைச் சொன்னா "ஐயோ, குழந்தைக்கு ஆறின ரொட்டியா"ன்னு உச்சுக் கொட்டறாங்க. பாப்பா நல்லாத்தான் இருக்கா. சனிக்கிழமை குழம்புல முள் எடுத்துக் கொடுக்கற வரைக்கும் பொறுக்காம தட்டைத் தட்டறா.

இன்னொரு ஏற்பாடும் பண்ணியிருக்கோம். அடுப்பை யார் பாக்கறதுன்னு முறை வைக்காம, லிஸ்ட்டை யார் சுமக்கறதுன்னு முறை வச்சிருக்கோம், மாசத்துக்கு ஒருத்தர். இந்த மாசம் என் தலையில. அடுத்த மாசம் அவ சொன்ன கடைக்குப் போய் சொன்னதை வாங்கிட்டு வந்துடுவேன். வீட்டுல புளி இருக்கா இல்லையான்னு எனக்குத் தெரியாது.