பக்கத்து இருக்கைக்காரர்

நயினாதீவுப் படகுக்காகக் குறிகாட்டுவான் செல்லும் பஸ், புங்குடுதீவினூடாகப் போகிறது. வழியில் ஆளில்லாத வீடுகள். 1990களின் தொடக்கத்தில் போரால் பெயர்ந்த தமிழ்க் குடும்பங்களுடையவை.

நாமும் பெயர்ந்தவர்கள்தாம். 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை விரட்டினார்கள். யாழ் நகரில் தந்த அவகாசம் இரண்டு மணி நேரம். புத்தளத்தார் இடம் தந்தபோது, அன்ஸாரிகளைப் போற்றும் அல்ஹஷ்ர் 9ஆம் வசனம் கண்முன்னே நின்றது.

அந்நிஸா 36ஆம் வசனத்தை மட்டும் ஏன் வேகமாக ஓதிக் கடக்கிறோம்? உறவல்லாத அயலாருக்கும், 'பக்கத்திலிருக்கும் தோழருக்கும்' உபகாரம் செய்யச் சொல்கிறது அது. பிந்தியவர் பயணத்தில் உடன் வருபவர் என விளக்கிய முஃபஸ்ஸிர்கள் உண்டு. மனத்தாங்கல் இருக்கத்தான் செய்யும். வசனம் அதற்கு விலக்குத் தரவில்லை.

பூட்டிய வீட்டைப் பார்க்க வந்த ஓர் அம்மா அந்த பஸ்ஸில் ஏறினால், சற்று நகர்ந்து இடம் கொடுங்கள். எந்த வீடு என்று கேளுங்கள். நம் வீட்டுக் கதையையும் சொல்லுங்கள்.