போட்ட காசு வண்டியில் இல்லை

“போட்ட காசு எங்க போகும்? வண்டியிலதானே இருக்கு!” கார்ப் பித்து பிடித்த ஒவ்வொருவரும் வீட்டில் சொல்லும் சமாதானம் இது. கொரட்டூரில் பத்து வருடம் நானும் சொன்னேன். அது பொய். சொல்பவரோடு போகும் பொய்யுமல்ல, அடுத்தவர் தலையில் விடியும் பொய்.

என் வண்டி 2004 லான்சர். நம் கொரட்டூர் ரயில் பாதையிலேயே மேற்கே போனால் வரும் திருவள்ளூரில், ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில் செய்தது. 2012-ல் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். சைலன்சரில் ஆரம்பித்தது ஸ்பிரிங், பிரேக் என்று வளர்ந்து, 2018-ல் டர்போவில் வந்து நின்றது. அதற்கான மேனிஃபோல்டை அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் ஒரு லேத் பட்டறையில் வெல்டிங் வைத்தோம். மூன்று முறை விரிசல் விட்டது, நான்காவது முறை நின்றது. சூடேறி ஆறிய அந்தக் குழாயில் வெல்டிங் ஓரமாக மயில் கழுத்து நிறம் ஓடியிருக்கும். ராத்திரி பானட்டைத் தூக்கி, டார்ச் அடித்து அதையே பார்த்துக்கொண்டு நிற்பேன்.

2022-ல் விற்க நினைத்தபோது ரசீதுகளைக் கூட்டினேன். 11 லட்சம். 8 லட்சம் கேட்டேன். ஒரு வருடம் வந்தவர்களெல்லாம் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள்.

அவர்கள்மேல் தப்பில்லை. வாங்குகிறவருக்கு டர்போ சொத்து அல்ல, சந்தேகம். டர்போ இல்லாமல் ஓடுவதற்கென்று கணக்குப் போட்டுச் செய்த பிஸ்டனும் கனெக்டிங் ராடும் கிளட்சும் கூடுதல் அழுத்தத்தில் எவ்வளவு தேய்ந்தன என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. என் காசு இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் ஓட்டிய காலைகளிலேயே செலவாகிவிட்டது. நான் சாப்பிட்ட சாப்பாட்டுக்கு இன்னொருவரிடம் பில் நீட்டுவது என்ன நியாயம்?

ரேஸ் வண்டிகள் நல்ல விலைக்குப் போகவில்லையா என்று கேட்பார்கள். போகும். அவை ரேஸ்காரரிடமிருந்து ரேஸ்காரருக்கு, டிரெய்லரில் ஏறிப் போகின்றன. எதை வாங்குகிறோம் என்று அவர்களுக்குத் தெரியும். சாலையில் ஓட்ட வாங்குபவரின் கதை வேறு.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை விவரங்களிலிருந்து வண்டி மாறக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தப்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். தண்டனை மாற்றிய உரிமையாளருக்குத்தான். ஆனால் நாளை சாலையில் போலீஸ் கைகாட்டி நிறுத்தப்போவது வாங்கியவரை. விபத்து நடந்தால், சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காட்டி இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரித்துவிடலாம்.

இந்தச் சட்டம் தெரிந்தேதான் இருந்தேன். பதினைந்து வருடம் முடிந்து 2019-ல் ஆர்.சி. புதுப்பிக்க வேண்டி வந்தபோது, முந்தின ராத்திரியே டர்போவைக் கழற்றிப் பழைய மேனிஃபோல்டைப் பூட்டிக்கொண்டு போனவன் நான். போட்ட காசு வண்டியில் இருப்பதாக நம்புகிறவன், அதைக் காப்பாற்ற எதையும் மறைப்பான்.

அப்படித்தான் ஒரு சாயங்காலம், எஸ்டேட்டில் வேலை பார்க்கும் பையன் ஒருவர் வந்தார். கடன் போட்டு வாங்கப் போவதாகச் சொன்னார். கீழே குனிந்து பார்த்துவிட்டு, “அண்ணா, இதெல்லாம் ஆர்.சி.ல ஏறியிருக்கா?” என்றார்.

“அதெல்லாம் யாரும் பாக்க மாட்டாங்க தம்பி” என்றேன்.

அவர் தலையாட்டினார். நம்பிவிட்டார். என் 11 லட்சத்தை அந்தப் பிள்ளையின் மாதத் தவணையிலிருந்து வசூலிக்கப் பார்த்திருக்கிறேன் என்பது அவர் பைக்கை எடுத்துக்கொண்டு போன பிறகுதான் உறைத்தது. அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

அடுத்த மாதம் டர்போவைக் கழற்றித் தனியாக விற்றேன். சைலன்சர், ஸ்பிரிங், பிரேக் எல்லாவற்றையும் கம்பெனி அமைப்புக்கே மாற்றினேன். டர்போ நான்கு வருடம் ஓடியது, ஹெட் கேஸ்கெட் ஒரு தடவை போனது, எந்தெந்த பார்ட்டை எப்போது மாற்றினேன் என்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு அந்தத் தம்பியையே கூப்பிட்டேன். அவர் உட்கார்ந்து முழுக்கப் படித்தார். ஹெட் கேஸ்கெட் பற்றி இரண்டு கேள்வி கேட்டார். 1,70,000-க்கு முடிந்தது. ஃபாரம் 29, 30-ல் நான் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது, அவர் அந்தத் தாளை நாலாக மடித்து ஆர்.சி.யோடு சேர்த்து வைத்துக்கொண்டார்.