வீட்டில் தோற்கும் தமிழ் நாட்டில் வெல்லுமா?

காலையில் நாளிதழ், மாலையில் தொலைக்காட்சி, இடையிடையே கைப்பேசி. மயிலை மாடத்தெருக்களிலும் தியாகராயர் நகரிலும் அடையாற்றிலும் அமைதியாக வாழும் தமிழ்க் குடும்பங்களின் அரசியல் பெரும்பாலும் இவ்வளவில் அடங்கிவிடுகின்றது. தில்லி ஆட்சியாளர் இந்தியைத் திணிக்கின்றனர் என்னும் செய்தி வருகின்றது. வீட்டுத் தலைவர் வெகுண்டு நான்கு சொற்கள் சொல்லுகின்றார். அந் நான்கனுள்ளும் இரண்டு ஆங்கிலம், ஒன்று வடமொழி. அடுக்களையிலிருந்து குளம்பி வருகின்றது. அது ஆறுமுன் சினம் ஆறிவிடுகின்றது. மறுநாள் வேறொரு செய்தி, வேறொரு சினம். இவ்வாறு நாள்தோறும் எழுந்து நாள்தோறும் அடங்கும் சினத்தால் தமிழுக்கு விளைந்த நன்மை யாது?

சினத்திற்குரிய செய்திகளுக்குக் குறைவில்லை. 2023 மே திங்களில், அனைத்திந்திய வானொலி என்னும் பொருள்படும் ஆங்கிலப் பெயரை விடுத்து 'ஆகாசவாணி' என்றே வழங்கவேண்டும் என ஆணை பிறந்தது. 2024 சூலை முதல் நாளன்று, பழைய குற்றவியற் சட்டங்கள் மூன்றனுக்கு மாற்றாக, தமிழர் வாயில் நுழையாத வடமொழிப் பெயர்களோடு மூன்று புதிய சட்டங்கள் நடைமுறைக்கு வந்தன. அவ்வாண்டு அக்டோபரில், சென்னைத் தொலைக்காட்சி நிலையத்தின் பொன்விழாவும் இந்தித் திங்கள் நிறைவு விழாவும் ஒன்றாக இணைக்கப்பெற்றன. ஆளுநர் கலந்துகொண்ட அவ்விழாவில் தமிழ்த்தாய் வாழ்த்தின் ஓரடியே பாடப்பெறாமல் விடுபட்டது. 2025 தொடக்கத்தில், மும்மொழித் திட்டம் அடங்கிய புதிய கல்விக் கொள்கையை ஏற்காமையால் 2,152 கோடி உருபா தரப்படாமல் நிறுத்தப்பெற்றது எனத் தமிழக அரசு முறையிட்டது.

இவையெல்லாம் வெளியிலிருந்து வரும் தாக்குதல்கள். வெளியே நின்று கதவை இடிப்பவனைத் தமிழன் நன்கறிவான். உள்ளிருந்து தாழ்ப்பாளை நீக்கிக் கொடுப்பவன் எவன் என்பதைத்தான் அவன் எண்ணிப் பார்ப்பதில்லை. திணிப்பை எதிர்த்து முழங்கும் வீட்டிலேயே குழந்தை தாயை 'மம்மி' என அழைக்கின்றது. அக் குழந்தைக்கு இட்ட பெயர் தமிழன்று. அது படிப்பது ஆங்கிலவழிப் பள்ளியில். இந்தித் திணிப்பைக் கண்டிக்கும் தொலைக்காட்சிச் செய்தியும் பாதி ஆங்கிலத்தில்தான் ஒலிக்கின்றது. அதனைக் கேட்டுக்கொண்டிருக்கும் எவருக்கும் அஃது உறுத்துவதில்லை. இவற்றையெல்லாம் எந்தத் தில்லி ஆணை திணித்தது?

"அரசியல் சட்டமன்றத்தில் நடப்பது, வீட்டில் ஒரு சொல்லை மாற்றிப் பேசினால் தில்லி அஞ்சிவிடுமா?" என்று கேட்பார் உளர். அவர்க்கு வரலாறே விடை கூறும். தனித்தமிழ் இயக்கம் சட்டமன்றத்தில் பிறந்ததன்று. 1916-இல் பல்லாவரத்தில் ஒரு வீட்டில், தந்தையும் மகளும் அமைதியாக உரையாடிக்கொண்டிருந்த வேளையில் பிறந்தது. இராமலிங்க அடிகளின் பாடலொன்றில் 'தேகம்' என வந்துள்ள இடத்தில் 'யாக்கை' என்னும் தமிழ்ச்சொல் அமைந்திருப்பின் எத்துணைச் சிறக்கும் எனத் தந்தை கூறினார். இனிப் பிறமொழிக் கலப்பின்றியே பேசவும் எழுதவும் வேண்டும் என்னும் உறுதி அங்கே பிறந்தது. வேதாசலம் மறைமலையடிகள் ஆனார். அவர் நடத்திய 'ஞானசாகரம்' 'அறிவுக்கடல்' ஆயிற்று. மகள் நீலாம்பிகைக்கு அப்போது அகவை பதின்மூன்றே.

அம் மகள் வீட்டோடு நின்றுவிடவில்லை. 1938 ஏப்பிரலில் இராசாசி அரசு 125 பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியது. அவ்வாண்டு நவம்பர் 13-ஆம் நாள் சென்னையில் கூடிய தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் அதே நீலாம்பிகை அம்மையார். ஈ.வெ.இராமசாமிக்குப் 'பெரியார்' என்னும் பெயர் வழங்கப்பெற்றது அம் மாநாட்டில்தான். மறுநாளே மருத்துவர் தருமாம்பாள் உள்ளிட்ட பெண்கள் மறியல் செய்து சிறை புகுந்தனர். அப்போராட்டத்தில் சிறை சென்ற பெண்கள் 73 பேர்; அவர்களோடு சிறை புகுந்த குழந்தைகள் 32. அடுக்களையும் தொட்டிலும் சிறைக்குச் சென்றபின் ஆட்சியாளரின் ஆணை எங்ஙனம் நிலைக்கும்? 1940 பிப்பிரவரியில் கட்டாய இந்தி நீக்கப்பெற்றது. நாட்டில் பெற்ற அவ்வெற்றிக்கு வித்து வீட்டில் ஊன்றப்பட்டிருந்தது.

இன்றைய வீடுகளின் நிலை என்ன? தியாகராயர் நகரில் துணியும் நகையும் வாங்க மொய்க்கும் மக்களுள் இரங்கநாதன் தெருவை அறியாதார் இலர். அதே பகுதியை மேற்கு மாம்பலத்தோடு இணைக்கும் அரங்கநாதன் சுரங்கப்பாதை எவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது என்று கேட்டால் விடை சொல்வார் எத்தனை பேர்? 1965 சனவரி 26-ஆம் நாள் கோடம்பாக்கம் சிவலிங்கமும், மறுநாள் விருகம்பாக்கம் அரங்கநாதனும் தமிழுக்காகத் தம் உடலைத் தீக்கு இரையாக்கினர். அந்த ஈகியின் பெயர் எழுதிய பாதையின் வழியே, அவர் கதையைப் பிள்ளைக்குச் சொல்லாமலே, ஆங்கிலப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தபடி பெற்றோர் நாள்தோறும் செல்லுகின்றனர்.

மயிலையிலும் இதே நிலைதான். 2021 ஆகசுட்டில் அன்னைத் தமிழில் அருச்சனை செய்யும் திட்டம் கபாலீச்சரத்தில் தொடங்கப்பெற்றது. உரிமை கிடைத்துவிட்டது, ஆயின், கேட்டுப் பெறுவார்க்கன்றோ உரிமை பயன்படும்? கருவறைமுன் வாய்மூடி நின்றுவிட்டு, வீடு திரும்பியபின் வடமொழி மேலாண்மையைப் பழிப்பதில் என்ன பொருள்? பள்ளியைப் பற்றிய கதையும் வேறன்று. தமிழைப் படியாமலே தமிழ்நாட்டில் பள்ளிப் படிப்பை முடித்துவிடலாம் என்னும் இழிநிலையை மாற்ற 2006-இல் தமிழ் கற்றல் சட்டம் தேவைப்பட்டது. சட்டம் தமிழைப் பாடநூல்வரை கொண்டுசேர்க்கும். உணவு உண்ணும் இடத்திற்கு அதனைக் கொண்டுவரும் ஆற்றல் எந்தச் சட்டத்திற்கும் இல்லை. அது தாயாலும் தந்தையாலும் மட்டுமே இயலும்.

எனவே செய்தி கேட்டுச் சினங்கொள்ளும் ஒவ்வொரு தமிழரும் அச் சினத்தை ஆறவிடாது செயலாக்குதல் வேண்டும். அதற்கு மேடையும் வேண்டா, கொடியும் வேண்டா. பிறக்கும் பிள்ளைக்குத் தமிழ்ப்பெயர் இடுக. மாலையில் ஒரு செய்தியையேனும் கலப்பில்லாத தமிழில் பிள்ளைகள் படித்துக் காட்டச் செய்க. கோயிலில் தமிழைக் கேட்டுப் பெறுக. கடந்துசெல்லும் தெருவுக்கும் பாதைக்கும் பெயர் தந்தவர் எவர் எனப் பிள்ளைக்கு எடுத்துரைக்க. வாயில் வரும் வேற்றுச்சொல்லை ஒவ்வொன்றாக நிறுத்தித் தமிழ்ச்சொல்லை அவ்விடத்தில் அமர்த்துக.

தில்லிக்கு மறுமொழி சொல்லத் தலைவர்கள் இருக்கின்றனர். வீட்டிலுள்ள பிள்ளைக்கு மறுமொழி சொல்ல வேண்டியவர் பெற்றோரே. 'இந்தியை ஏன் எதிர்க்கின்றோம்?' என அப்பிள்ளை கேட்கும்போது, விடை தமிழில் வருமாயின் தமிழ் வாழும். அவ்விடையும் ஆங்கிலத்தில் வருமாயின், தோல்விக்குத் தில்லியைப் பழிப்பதில் பயனில்லை.