கானக வீரரும் கழிமுகக் காவலரும்

வீரர் கதையை விரும்பாத இளையோர் எந்நாட்டிலும் இலர். அவ்விருப்பம் நன்றே, ஆயினும், வீரர் எனத் தக்கார் யாவர் என்னும் தெளிவு அதனினும் நன்று.

அமெரிக்க எழுத்தாளராகிய எட்கர் ரைஸ் பரோஸ் என்பார் 1912-ஆம் ஆண்டில் டார்சான் என்னும் கானக வீரனைப் படைத்தார். அவர் ஆப்பிரிக்க மண்ணை ஒருநாளும் மிதித்ததில்லை. 1929-இல் டார்சான் செய்தித்தாள்களின் படக்கதையில் புகுந்தான். 1936-இல் லீ பால்க் என்பார் முகமூடி அணிந்த மற்றொரு வீரனைப் படைத்தார். தமிழ்ச் சித்திரக்கதைகளில் வேதாளன் எனவும் மாயாவி எனவும் வழங்கப்பெறுபவன் அவனே.

இவ்விருவரும் காட்டிற்கு அயலாரின் வழிவந்தோர். டார்சான் ஆங்கிலப் பிரபு ஒருவரின் மகன். வேதாளனின் முன்னோன் கடற்கொள்ளையரால் கப்பல் இழந்து கரையொதுங்கியவன். அவனைக் கண்டெடுத்து உயிர் காத்தவர் அக்காட்டு மக்களே. எனினும், கதையில் காவலன் என்னும் பெயர் பெற்றவன் காக்கப்பட்டவனே, காத்தவர் அல்லர்! காட்டின் தடமெல்லாம் அறிந்த மக்கள், இடர் வந்துழி அயலான் வரவை நோக்கி நிற்பதாகவே இத்தகைய கதைகள் பல கூறும். உலகியல் இவ்வாறு உள்ளதா?

விடை காண நெடுந்தொலைவு செல்லல் வேண்டா. வடசென்னையில், ஆலைகளும் துறைமுகங்களும் சூழ்ந்த எண்ணூர்க் கழிமுகத்தில், அலையாத்தி மரங்கள் இன்றும் நிற்கின்றன. அவற்றின் வேர்களிடையே மீனும் இறாலும் தம் இளமைப் பருவத்தைக் கழிக்கும். நீரில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளரும், வலைவீசும் மீனவரும் அந்நீரின் இயல்பை நன்கு அறிவர்.

2017-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் எண்ணூர்க்கு அருகே இரு கப்பல்கள் மோதின. கரிய எண்ணெய் கரையெங்கும் படிந்தது. அதனை மீனவரும் மாணவரும் பிறரும் வாளிகளால் முகந்து அகற்றினர். 2023 திசம்பரில், புயல்மழையை அடுத்து, கழிமுகத்திலேயே எண்ணெய் பரவிற்று. அப்பொழுதும் படகேறிச் சென்று அதனை அள்ளியவருள் அவ்வூர் மீனவர் பலர். முகமூடி வீரன் எவனும் வந்திலன்.

கற்பனைக் கதைக்கு இத்துணை ஆராய்ச்சி எற்றுக்கு என்பார் உளர். பலகால் படித்த கதை படிப்போர் பார்வையையே மாற்றிவிடும் என்பதை அவர் ஓர்தல் வேண்டும். சித்திரக்கதை படித்தல் தீதன்று. டார்சான் மரம் விட்டு மரம் தாவுவதைக் கண்டு மகிழலாம். ஆனால், நூலை மூடியபின், “இக்காட்டில் முன்னரே வாழ்ந்தவர் யாவர்? அவர் செய்த செயல் யாது?” என மாணவர் வினவுதல் வேண்டும். அவ்வாறு வினவப் பழகாதார், தம் தெருவில் வாழும் வீரரையும் காணாது கழிவர்.