கடலில் வீசிய தங்கமே சிக்கியது! கம்ப்யூட்டர் காசு சிக்காதா?

ராமநாதபுரம்,

2023 பிப்ரவரியில் மண்டபம் கடலில் தங்கம் கடத்தி வந்த படகை அதிகாரிகள் விரட்டினார்கள். ஆசாமிகள் தங்கத்தைக் கடலில் வீசினார்கள். விட்டார்களா? கடலோர காவல் படை வீரர்கள் மூழ்கித் தேடி 17 கிலோ 740 கிராம் தங்கத்தை அள்ளி வந்தார்கள். மதிப்பு சுமார் ரூ.10½ கோடி.

சரக்கு இந்தப் பக்கம் வந்தால் பணம் அந்தப் பக்கம் போக வேண்டும். அதற்கு உண்டியல், ஹவாலா என்று பழைய வழி உண்டு. ஒரு ரூபாய் நோட்டின் நம்பர்தான் ரசீது. வேலை முடிந்தால் சாட்சியே கிடையாது.

இப்போது, "பிட்காயின்ல அனுப்பிட்டா போலீஸ் இல்ல, அவங்க பாட்டன் வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது" என்று ஒரு பேச்சு கிளம்பி இருக்கிறது. இது உண்மையா?

கிழிக்க முடியாத பேரேடு

பாதிகூட உண்மை இல்லை. பிட்காயின் கைமாறும் ஒவ்வொரு முறையும் உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களில் பதிவாகிறது. யாரும் பார்க்கலாம். யாரும் அழிக்க முடியாது. ஆனால் பெயர் இருக்காது. எண்ணும் எழுத்தும் கலந்த நீளமான ஒரு முகவரிதான் இருக்கும்.

அது யாருடையது என்பதுதான் கேள்வி. காசை ரூபாயாக மாற்ற எக்ஸ்சேஞ்ச் நிறுவனத்துக்கு வந்தால் பான் கார்டும் பேங்க் கணக்கும் காட்ட வேண்டும். இந்த நிறுவனங்கள் 2023 மார்ச்சில் கருப்பு பண மாற்ற தடுப்பு சட்டத்தின் கீழ் கொண்டுவரப்பட்டன. சந்தேகமான பரிமாற்றம் என்றால் மத்திய அரசுக்குத் தகவல் கொடுத்தாக வேண்டும்.

6 ஆண்டு கழித்துப் பிடிபட்ட ஜோடி

2016-ல் ஹாங்காங்கின் பிட்பினெக்ஸ் நிறுவனத்தில் சுமார் 1 லட்சத்து 20 ஆயிரம் பிட்காயின்கள் திருடு போயின. பல கணக்குகளில் சுற்றவிட்டும் பலன் இல்லை. தடம் பிடித்துப் போன அமெரிக்க அதிகாரிகள் 2022 பிப்ரவரியில் நியூயார்க்கில் கணவன்-மனைவியைக் கைது செய்தார்கள். 94 ஆயிரத்துக்கும் மேற்பட்ட காயின்கள் மீட்கப்பட்டன.

எங்கே இடிக்கிறது?

எல்லா வழக்கும் இப்படி முடிவதில்லை. பலர் காசை ஒன்றாகக் கலக்கித் தரும் 'மிக்சர்' இருக்கிறது. தடத்தை மறைக்கும் 'மொனேரோ' காசு இருக்கிறது. நம் போலீசாருக்குப் பதில் சொல்லாத வெளிநாட்டு நிறுவனங்களும் இருக்கின்றன. 2024 ஜூலையில் இந்தியாவின் வாசிர்எக்ஸ் நிறுவனத்தில் 23 கோடி டாலருக்கு மேல் திருடு போனது. வடகொரியா கைவரிசை என்று அமெரிக்கா, ஜப்பான், தென்கொரியா நாடுகள் கூறின. ஆள் தெரிந்தும் திருடுபோன காசில் பெரும்பகுதி திரும்பவில்லை.

மாட்டுவது யார்?

எக்ஸ்சேஞ்சைத் தவிர்த்து ஆளுக்கு ஆள் விற்றாலும் பல நேரம் ரூபாய் ஏதாவது ஒரு பேங்க் கணக்கில்தான் விழும். அது பெரும்பாலும் கமிஷனுக்கு ஆசைப்பட்டவனின் கணக்கு. "சும்மா ரெண்டு நாள் உங்க அக்கவுண்டைக் கொடுங்க" என்று கேட்பவனுக்கு நீங்கள்தான் கேடயம். போலீசார் முதலில் தட்டுவது உங்கள் வீட்டுக் கதவை. கணக்கு முடங்கினால் கடை வரவும் சம்பளமும் சேர்ந்து முடங்கும்.

பணத்தை இழந்தவர்கள் வெட்கப்பட்டு வீட்டில் உட்கார வேண்டாம். கிரிப்டோவும் சொத்துதான் என்று சென்னை ஐகோர்ட்டு 2025 அக்டோபரில் கூறிவிட்டது. பரிமாற்ற எண், அனுப்பிய முகவரி, பேசிய செல்போன் எண் மூன்றையும் அழிக்காமல் வைத்து உடனே 1930-க்கு போன் செய்யுங்கள். காசு நாட்டை விட்டுப் போவதற்குள் புகார் போனால் முடக்க வழி உண்டு. தாமதித்தால் தடம் மட்டும்தான் மிஞ்சும்.